முழங்கால் சொல்லும் கணக்கு

நம் ஊர் மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அமைந்தவை என்று பெரியோர் சொல்வர். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு அப்படிகளில் ஏறும் கூட்டத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அன்பு மாணவிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் படிகளில் ஏறுவது முழங்காலுக்குக் கடினமா, இறங்குவது கடினமா?

"ஏறுவதுதான்" என்று உடனே சொல்வீர்கள். மூச்சு வாங்குவது ஏறும்போதுதானே! ஆனால் வீட்டில் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "ஏறிவிடலாம் கண்ணு, இறங்கும்போதுதான் முட்டி நோகுது" என்பார். பாட்டி சொல்வதே சரி என்பதை ஜெர்மனியின் பெர்லின் நகரில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அங்குள்ள ஷாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள், மூட்டு தேய்ந்து செயற்கை மூட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்த சில நோயாளிகளுக்கு, அவர்களுடைய சம்மதத்தோடு, விசையை அளக்கும் உணர்விகள் பொதிந்த மூட்டைப் பொருத்தினார்கள். உணர்வி என்பது நாம் சென்சார் என்று சொல்கிறோமே, அதுதான். நோயாளி நடக்கும்போதும் உட்காரும்போதும் படியேறும்போதும் முழங்காலுக்குள் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதை அந்த மூட்டே வானொலி அலை மூலம் வெளியே சொல்லிக் கொண்டிருந்தது.

2010-ஆம் ஆண்டில் வெளியான அக்கணக்கு இதுதான். சமதரையில் நடக்கும்போது முழங்காலின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படியேறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது ஏறக்குறைய 3.5 மடங்கு! அதே மடங்கை 40 கிலோ எடையுள்ள மாணவி ஒருத்திக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒற்றை முழங்கால் தாங்குவது 138 கிலோ. இரண்டு நெல் மூட்டைக்குச் சற்றுத்தான் குறைவு.

எடை 40 கிலோதானே, மீதி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரு கதவைக் கைப்பிடியருகே தள்ளிப் பாருங்கள். பிறகு கீலுக்கு அருகே கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கீலருகே பல மடங்கு பலம் வேண்டியிருக்கும். நம் தசைகள் எல்லாம் கீலருகே பிடித்துத் தள்ளுபவை. மடங்கிய முழங்கால் மேலும் மடங்கி நாம் விழுந்துவிடாதபடி தொடைத் தசை இழுத்துப் பிடிக்கும் அந்த இழுப்பும் சேர்ந்துதான் மூட்டை அழுத்துகிறது. உடலை இப்படி நெம்புகோல்களும் கீல்களும் விசைகளும் கொண்ட அமைப்பாக ஆராயும் துறைக்கு உயிரி இயக்கவியல் என்று பெயர். பெயர் பெரிது, அடிப்படையோ ஒன்பதாம் வகுப்பு இயற்பியலே.

இத்துறையில் முதல் பாடம், கண்ணை நம்பாதே என்பது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று மனிதன் எத்தனையோ காலம் குதிரையைப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையோரம் 12 காமிராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்த பிறகே, ஆம், எழுகின்றன என்று தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் வரைந்த பாயும் குதிரைகளில் பெரும்பாலானவை தவறு!

குதிரையின் கதை வேடிக்கை. மனிதருக்கு வந்தபோது அது மானப் பிரச்சினை ஆயிற்று. கண்டியில் 1972-இல் பிறந்து, அங்குள்ள புனித அந்தோணியார் கல்லூரியில் படித்த தமிழர் முத்தையா முரளிதரனைப் பற்றி உங்கள் அண்ணன்மார் சொல்லியிருப்பார்கள். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளில் ஏழினை 'நோ பால்' என்று அறிவித்தார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. ஒரு பந்து வீச்சாளரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதற்கு இது சமம்.

விதி என்ன? கை தோள் உயரத்துக்கு வந்த பின், பந்து கையை விட்டுப் போகும் வரை, மடங்கிய முழங்கை நீளக் கூடாது. மடங்கியே இருப்பது குற்றமன்று. மடங்கியது நீள்வதுதான் குற்றம். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதும் நீளாதது. இது அவரைப் பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது. 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவர் பந்து வீச்சைப் பல காமிராக்களால் படம்பிடித்து ஆராய்ந்தனர். எறிவதுபோல் தோன்றுவது கண்ணுக்கு ஏற்படும் மயக்கம் என்பதே முடிவு.

அந்த மயக்கத்தை நீங்கள் வீட்டிலேயே காணலாம். ஒரு கம்பித் துண்டை நடுவில் சிறிது வளைத்துக் கொள்ளுங்கள். இரவில் விளக்குக்கும் சுவருக்கும் இடையே பிடித்து, கம்பியின் ஒரு முனையை விரல்களால் மெல்லச் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழல் ஒரு கணம் வளைந்தும், மறு கணம் நேராகவும் தெரியும். கம்பியோ கொஞ்சமும் மாறவில்லை! முரளிதரனின் தோளும் மணிக்கட்டும் அசாதாரண வேகத்தில் சுழல்பவை. வளைந்த கை சுழலும்போது, ஓரிடத்தில் நின்று பார்க்கும் நடுவருக்கும் ஒற்றைக் காமிராவுக்கும் அது நீள்வதுபோலத்தான் தெரியும்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1999-இல் அடிலெய்டிலும் அவருக்கு 'நோ பால்' கொடுக்கப்பட்டது. 2004-இல் அவருடைய 'தூஸ்ரா' என்ற பந்தின் மேல் புகார் எழுந்து, மறுபடியும் பெர்த் நகரில் அளந்தார்கள். இம்முறை அளவு அவருக்கு முழுதும் சாதகமாக இல்லை. சுழற்பந்துக்கு அன்று அனுமதி 5 பாகை. அவர் முழங்கை நீண்டதோ அதற்கு மேல். ஆனால் அதே காலத்தில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் மற்றப் பந்து வீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. குறையே இல்லாத வீச்சு என்று எல்லோரும் புகழ்ந்த வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் முழங்கை பத்துப் பாகைக்கு மேல் நீள்கிறது! விதியை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் உலகில் மிகப் பெரும்பாலோர் குற்றவாளிகளே. யாரும் அவர்களைச் சந்தேகித்ததில்லை, கண்ணுக்குத் தெரியாததால். ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழ் மனிதக் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. எனவே 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே எல்லை வகுத்தார்கள். முரளிதரனுக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. மற்றவர்களையும் அளந்தார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2010 ஜூலையில், காலியில், தாம் வீசிய கடைசி டெஸ்ட் பந்தில் 800-ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் விடைபெற்றார்.

அளவுகோல் எல்லோருக்கும் இனிப்பான செய்தியையே தரும் என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2014-இல் அளக்கப்பட்டபோது எல்லைக்கு வெகுவாக மேலே இருந்தார். தடை செய்யப்பட்டு, வீசும் முறையை முற்றும் மாற்றிக்கொண்டு, 2015 ஜனவரியில் மறுபரிசோதனைக்கு வந்தார். எங்கே வந்தார் தெரியுமா? சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்துக்கு. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடம் அங்கே இருந்தது. நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள இடம்! அதில் அவர் தேறினார். பழைய கூர்மை மட்டும் திரும்பவில்லை.

இத்தகைய கூடத்தில் நடப்பது என்ன? ஆட்டக்காரரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் முதலிய இடங்களில் சுண்டைக்காய் அளவுள்ள உருண்டைகளை ஒட்டுவார்கள். ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு பூசியவை அவை. சுற்றிலும் உள்ள பல காமிராக்கள் ஒரு நொடிக்கு 200-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும். ஒரே உருண்டையை இரண்டு காமிராக்களாவது பார்த்தால்தான் அது இருக்கும் இடத்தைக் கணிப்பொறி கணக்கிட முடியும். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் தூரம் தெரிகிறதல்லவா, அதுபோல. தரையில் பதித்த விசைத்தட்டு, பாதம் எவ்வளவு பலமாக, எந்தத் திசையில் ஊன்றியது என்று எழுதிக் கொள்ளும்.

இவ்வளவும் விலை உயர்ந்தவை. கூடத்துக்குள் மட்டுமே நடப்பவை. மைதானத்துக்கு வந்து சேர்ந்தது வேறொரு கருவி. அது உங்கள் அப்பாவின் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் படமும் திரும்புகிறதே, எப்படி? நாம் ஏறிய பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம். அதைப்போலவே, கடுகினும் சிறிய ஒரு சிலிக்கன் துண்டு, நுண்ணிய வில்களில் தொங்கியபடி, அசைவுக்கேற்ப இப்படியும் அப்படியும் சாய்கிறது. சாயும் அளவு மின்குறிப்பாக மாறுகிறது. இது முடுக்கத்தை அளக்கும் உணர்வி. சுழற்சியை அளக்க இன்னொன்று உண்டு. இரண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிக் காலிலோ முதுகிலோ கட்டிவிட்டால், ஆட்டக்காரர் தம் மைதானத்தில் ஓடியாடும்போதே அளக்கலாம். இதற்கும் ஒரு குறை உண்டு. நாளுக்கு அரை நிமிடம் தவறும் கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டால் மாதக் கடைசியில் கால் மணி நேரம் பிசகிவிடும். அதுபோல இக்கருவியிலும் சிறு பிழைகள் கூடிக் கொண்டே போகும். அவ்வப்போது திருத்த வேண்டும்.

அளப்பது நீதி வழங்க மட்டுமன்று, காயத்தைத் தடுக்கவும்தான். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் முதுகெலும்பில் விரிசல்கள் கண்டன. அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். வேகமாக வீசும்போது முன்காலில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை மோதுகிறது. அந்த நேரத்தில் முதுகு முறுக்கிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? லில்லி பொறுமையாக உடலைத் தேற்றி, வீச்சையும் திருத்திக்கொண்டு, 1974-இல் மீண்டும் களம் புகுந்தார். பெர்த் நகரின் புரூஸ் எலியட், டேரில் ஃபாஸ்டர் ஆகியோர் 1980-களில் இளம் வீச்சாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறு திசையும் பார்க்கும்படி உடலை முறுக்கி வீசுபவர்களுக்கே முதுகுக் காயம் அதிகம் என்று தெரிந்தது. அந்த அறிவு 1987-இல் சென்னைக்கே வந்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் சேத்துப்பட்டில் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு லில்லியே பயிற்சியாளர். வேகத்தைக் கூட்டுவதற்கு முன், முறுக்கைக் களைவதே அவர் பாடம். இருந்தும் பும்ராவுக்கு முதுகில் விரிசல் கண்டதே, 2023-இல் அறுவைச் சிகிச்சையும் நடந்ததே என்பீர்கள். உண்மைதான். வீசும் முறை ஒரு பங்கு. ஓய்வின்றி எத்தனை பந்து வீசுகிறோம் என்பது இன்னொரு பங்கு.

கிரிக்கெட் போதும். நம் கதைக்கு வருகிறேன்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் கோ-கோ அணியில் ஒருத்தி இருந்தாள். மானைப்போல் ஓடுவாள். ஒரு போட்டியில், துரத்தியவளை ஏமாற்றச் சட்டென்று இடக்காலை ஊன்றித் திரும்பினாள். யாரும் அவளைத் தொடவில்லை. தடுக்கி விழவும் இல்லை. முழங்காலுக்குள் 'டக்' என்று ஓர் ஒலி. எல்லைக் கோட்டருகே நின்ற எனக்கே கேட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. சுளுக்குத்தான் என்றார்கள். எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடும் ஊர் இது. எலும்பு முறியவில்லை என்றால் நம்மவர்க்குக் கவலை இல்லை. ஜவ்வு கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. "பார்த்துத் திரும்பியிருக்கக் கூடாதா?" என்று நாங்களெல்லாம் அவளைக் கடிந்தோம். நானும் கடிந்தேன். அதன்பின் அவள் ஓடவே இல்லை. திரும்பும்போதெல்லாம் முழங்கால் நழுவுகிறது என்பாள். பயப்படுகிறாள் என்று நாங்கள் எண்ணிக் கொண்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வைப் படித்தேன். நார்வே நாட்டு ஆய்வாளர்கள், கைப்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்த பத்து நிகழ்ச்சிகளின் படங்களை, பல கோணங்களிலிருந்து ஒன்று சேர்த்துக் கணக்கிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். பாதம் தரையைத் தொட்ட பின் ஏறத்தாழ 40 மில்லி நொடிக்குள் ஜவ்வு கிழிந்துவிடுகிறது. அதாவது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தொலைக்காட்சியில் ஒரே ஒரு படம் வந்து மறையும் நேரம். அதற்குள் "பார்த்து" என்ன செய்ய முடியும்? ஆபத்தை உணர்ந்து தசையை இறுக்க மூளைக்கே அதைவிட நேரம் வேண்டும். பாதம் தரையைத் தொடும் முன்பே உடல் சரியான நிலையில் இருந்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் என்று காரணங்கள் பல கூறுவர். அவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக் கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹெவெட் என்பவரும் உடன் பணியாற்றியோரும், விளையாட்டில் ஈடுபட்ட 205 இளம் பெண்களை ஒரு மேடையிலிருந்து குதிக்கச் செய்து அளந்து வைத்தார்கள். பின்னர் அவர்களில் ஒன்பது பேருக்கு ஜவ்வு கிழிந்தது. பழைய அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த ஒன்பது பேரின் முழங்கால்கள் தரையைத் தொடும்போது மற்றவர்களைவிட 8 பாகை அதிகமாக உட்புறம் சாய்ந்திருந்தன. இது 2005-இல் வெளியானது. ஆனால் பிற்பாடு நார்வேயில் இன்னும் பெரிய கூட்டத்தை இதேபோல் சோதித்தபோது, குதிப்பதை மட்டும் வைத்து இன்னாருக்குத்தான் காயம் வரும் என்று குறி சொல்ல முடியவில்லை. எனவே ஆளைப் பொறுக்கிப் பயிற்சி தருவதைவிட எல்லோருக்கும் தருவதே அறிவுடைமை.

அப்படித் தந்தும் பார்த்திருக்கிறார்கள். அதே நார்வேயில், 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 கால்பந்து ஆடும் சிறுமியரை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினர் ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் சில பயிற்சிகள் செய்தனர். ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கை ஊன்றி உடலை நேராகத் தாங்குவது, குதித்து மென்மையாக இறங்குவது, ஓடித் திரும்புவது போன்றவை. மற்றவர் வழக்கம்போல் ஆடினர். பயிற்சி செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுங்காயங்கள் பாதியளவு. 2008-இல் வந்த இம்முடிவில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அப்பயிற்சிக்கு ஒரு கருவியும் தேவையில்லை. மற்றவர்கள் கருவிகளால் கண்டதை நாம் வெறும் மண்தரையில் செய்துகொள்ளலாம்.

எப்படி இறங்குவது? முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் படிய வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பும் பின்னே போக வேண்டும். முழங்கால்கள் ஒன்றை ஒன்று நோக்கிச் சாயாமல் கால் விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். நம் சீருடைப் பாவாடைக்குள் முழங்கால் எங்கே போகிறது என்று எந்த ஆசிரியைக்கும் தெரியாது; விளையாட்டு உடையில்தான் இதைப் பழக வேண்டும். பெற்றோர்கள் விரும்பினால், வீட்டு வாசற்படியிலிருந்து மகளைக் குதிக்கச் சொல்லி, எதிரே நின்று கைபேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுத்துப் பார்க்கலாம். பல கைபேசிகள் நொடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் இருந்த வசதி இது. முழங்காலில் 'டக்' என்று கேட்டு, சில மணி நேரத்தில் வீக்கம் கண்டால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைபேசி இல்லாதவர்களும் வருந்த வேண்டாம்; காது போதும். முழங்கால் மடங்காமல் விறைப்பாக இறங்கினால் தரை 'தொம்' என்று சொல்லும். மடங்கி இறங்கினால் பூனை குதித்ததுபோல் இருக்கும். சத்தம் வராமல் இறங்கு என்று சொன்னாலே தரையில் மோதும் விசை குறைவதை விசைத்தட்டுகளும் காட்டியிருக்கின்றன. இப்போதெல்லாம் காலைப் பயிற்சியில் மாணவிகள் வரிசை வரிசையாகக் குதிக்கும்போது, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். எந்த வரிசை கனமாக இறங்குகிறது என்று தெரிந்துவிடுகிறது. அந்த வரிசையை மட்டும் இன்னொரு முறை குதிக்கச் சொல்கிறேன்.